பதினோரு பக்க ஆட்சேபணை

அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். எதற்கு வந்திருக்கிறீர்கள்? ஸ்கூட்டருக்குப் பெயர் மாற்றவா? அப்படியானால் மூன்றாம் ஜன்னல். பதினொன்றரைக்குத்தான் திறப்பார்கள். பலகையில் பத்து என்று போட்டிருக்கும், அதை நம்பி வந்திருப்பீர்கள். நானும் முதல் தடவை நம்பினேன். இந்த வேலைக்கு ஒரே ஒரு ஜன்னல், பாருங்கள். பக்கத்தில் இன்னொருவன் ஜன்னல் போட்டு இதே வேலையைச் செய்து கொடுத்தால், இவர் ஒன்பதே முக்காலுக்கே வந்து நம்மை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. மனிதர் நல்லவர். போட்டி இல்லாத இடத்தில் நல்லவரும் பதினொன்றரைக்குத்தான் வருவார்.

என் பெயர் அருளானந்து. மினிபஸ் வைத்திருக்கிறேன். வைத்திருந்தேன் என்றும் சொல்லலாம். வண்டி பெயர் சகாயமாதா. வெள்ளைப்பாறை, ஏரியூர் விலக்கு, மில் கேட். பதினாறு கிலோமீட்டர். பதினாலு வருஷம் ஓட்டினேன். அந்த வழித்தடத்தை இன்னொரு மினிபஸ்ஸுக்கும் கொடுக்கலாமா என்று இன்றைக்கு விசாரணை. புதுத் திட்டத்தில் ஒருவர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். பழைய பெர்மிட்காரன் என்ற முறையில் எனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு ரிஜிஸ்டர் தபால் வந்தது. உண்டு என்று பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பம் போட்டவருக்குக் கிடைத்துவிட்டால் என் வண்டி வெறும் இரும்பு. வழித்தடத்தோடு சேர்த்து விற்றால் அதற்கு ஒரு விலை உண்டு. அதே தடத்தில் இன்னொரு புது வண்டி ஓடினால், எடைக்குத்தான் போடவேண்டும். எனக்கு மிச்சம் இருப்பது அந்தத் தடம் மட்டும்தான்.

எதிர்த்தரப்பு அதோ, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில். பச்சைச் சேலை, மடியில் ஒயர் கூடை. திரும்பிப் பார்க்கலாம், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள். என் மனைவிதான். அமலோற்பவம்.

இல்லை, சண்டையெல்லாம் கிடையாது. கோர்ட்டு, பிரிவு, அதெல்லாம் இல்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். அவள் முன்னால் பெண்கள் பக்கம் இலவசமாக உட்கார்ந்து வந்தாள். நான் பின்னால் டிக்கெட் எடுத்து நின்றுகொண்டு வந்தேன். இந்தச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்ததும் அவள்தான். பதினெட்டாம் தேதி ஆபீஸ், வெள்ளைச் சட்டை அலமாரியில் உள்ளது, அணிந்து வரவும் என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். வீட்டில் எங்களுக்குள் சீட்டுதான். நான் பருத்தி கோடவுனில் இரவுக் காவல். அவள் மில்லில் காலை ஷிஃப்ட். நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் போய்விட்டிருப்பாள். பழைய டிக்கெட் கட்டுகள் வீட்டில் நிறைய கிடக்கின்றன, எட்டு ரூபாய் மஞ்சள் டிக்கெட். அதன் பின்பக்கத்தில் எழுதி வைப்பாள். கீரை உள்ளது, சூடு செய்து உண்ணவும். எதைச் சொன்னாலும் ஆபீஸ் கடிதம் மாதிரி ஒரு 'வும்' போட்டுத்தான் முடிப்பாள். எட்டாவது வரை படித்தவள். எழுதுவது என்றாலே மனு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் படித்ததும் பெரிய படிப்பு இல்லை. பத்தாவது, அதுவும் தட்டுத்தடுமாறி. மற்றதெல்லாம் கோடவுனில் வந்தது. பருத்தி ஏஜெண்டுக்கு இங்கிலீஷ் வியாபாரப் பத்திரிகை ஒன்று வரும். அவர் பார்த்துவிட்டுப் போட்டுவிடுவார். நான் அடுத்த நாள் ஒரு அகராதியை வைத்துக்கொண்டு படிப்பேன். எனக்கு உலகம் எப்போதும் ஒரு நாள் பின்னால்தான் நடக்கும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தத்துவம் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். விலை என்பது ஒரு சேதி. தக்காளி விலை ஏறினால், தக்காளி குறைவாக இருக்கிறது, நட்டவன் இன்னும் நடு, வாங்குகிறவன் கொஞ்சம் பொறு என்று யாரோ எல்லாருக்கும் ஆள் அனுப்பிச் சொன்ன மாதிரி. ஆள் அனுப்ப வேண்டியதில்லை, அதுதான் அதன் அழகு. அரசாங்கம் உள்ளே புகுந்து விலையைக் கையால் பிடித்து நிறுத்தினால், சேதி கொண்டுபோகிறவனின் வாயைப் பொத்துகிற மாதிரி. இதை எழுதித் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் போட்டேன். ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒரு தடவை பெயரை அருளானந்தம் என்று போட்டுவிட்டார்கள்.

கடையில், டீ குடிக்கிற இடத்தில் இதைச் சொன்னால், "அண்ணே, அப்ப ரேஷன் அரிசியை நிப்பாட்டச் சொல்றியா"ன்னு கேட்பார்கள். நிறுத்தச் சொல்லவில்லை, பணமாகக் கொடு, வேண்டியதை அவன் வாங்கிக்கொள்ளட்டும் என்பேன். "பணமாக் குடுத்தா எம்புருசன் வாங்குறதுக்கு ஒரே ஒரு கடைதான் இருக்கு"ன்னு டீக்கடைக்கார அம்மா சொல்லும். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தால் வாதம் முடிந்துபோனதாக அவர்களுக்கு நினைப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது தெரியும் அல்லவா. எங்கள் தடத்தில் அதற்கு முன்னாலேயே அரசு பஸ் ஒன்று காலையிலும் மாலையிலும் வரும். யாரும் அதை எதிர்பார்த்து நின்றதில்லை. என் வண்டி ஏழு நாற்பத்திரண்டு என்றால் ஏழு நாற்பத்திரண்டு. கைக்கடிகாரத்தை என் வண்டியைப் பார்த்துத் திருத்துகிறவர்கள் இருந்தார்கள். இலவசம் வந்தபிறகு, அதே பெண்கள், பதினாலு வருஷம் என் வண்டியில் வந்தவர்கள், நான் வந்து நிற்கிறேன், ஏறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து வரப்போகிற பஸ்ஸுக்கு. எட்டு ரூபாய்க்கு ஒரு மணி நேரம் நிற்கிறார்கள் என்றால் அவர்களுடைய ஒரு மணி நேரத்தின் விலை எட்டு ரூபாய்க்கும் கீழே. நான் அதை யோசித்து மிகவும் வருத்தப்பட்டேன். அவர்களுக்காகத்தான்.

ஆண்களா? ஆண்களிடம் பைக் இருக்கிறது. பெண்கள் ஏறினால்தான் மினிபஸ்.

அப்படியும் எட்டு மாதம் ஓட்டினேன். பிறகு கண்டக்டரை நிறுத்தினேன். பிறகு வண்டியையே நிறுத்தினேன். வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபிறகு கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி நானும் கொஞ்ச நாள் கிள்ளிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். கோடவுனில் ஆள் வேண்டும் என்றார்கள், போனேன்.

அப்போதுதான் இவள் மில்லுக்குப் போகிறேன் என்றாள். நூல் சுற்றுகிற பிரிவில். வண்டி ஓடின காலத்தில் நான் வேலைக்கு அனுப்பியதில்லை, தேவை இல்லை. போ, ஆனால் அந்த இலவச பஸ்ஸில் மட்டும் போகாதே என்றேன். நம் வண்டியைக் கொன்ற பஸ். சும்மா கிடைப்பதை வாங்குவது கொள்கைக்கு விரோதம்.

"கொள்கையெல்லாம் உங்களுக்குங்க. எனக்கு ஷிஃப்டுதான் இருக்கு," என்றாள்.

போனாள். முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு டார்ச் லைட் வாங்கி வந்தாள். கோடவுனுக்கு. நல்ல டார்ச்தான்.

கொஞ்ச நாளில் இவளைக் காலை ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். ஆறு மணிக்கு மில்லுக்குள் இருக்கவேண்டும். ஐந்தரைக்கு எந்த பஸ்ஸும் கிடையாது, இலவசமும் கிடையாது, காசு கொடுத்தாலும் கிடையாது. எங்கள் பக்கத்து ஐந்து ஊரில் இந்த மாதிரி முப்பது, நாற்பது பெண்கள். மில்லில் லோடு அடிக்கிற வேனில் நின்றுகொண்டு போனார்கள். ஆளுக்கு இருபது ரூபாய். இவள் ஒருநாள் சாயங்காலம் என்னிடம் சொன்னாள். நான் அப்போது பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன், மூன்றாவது கடிதம், அது வரவில்லை.

"என்னங்க, நம்ம வண்டி சும்மாதானே நிக்குது. அஞ்சரைக்கு எடுத்தா என்ன? இருபதுன்னாலும் குடுக்குறாளுக."

பெர்மிட்டில் முதல் நடை ஆறு ஐம்பது என்று இருக்கிறது, நேரம் மாற்ற மனுப் போடவேண்டும், அதற்கு நாலு ஆபீஸ் ஏறவேண்டும், அரசாங்கம் விடாது என்றேன்.

"கேட்டுப் பாக்கலாம்ல?"

கேட்பது என்பதே அவர்களுடைய அதிகாரத்தை ஒத்துக்கொள்வது என்றேன். அப்புறம் ஒரு முக்கால் மணி நேரம் பெர்மிட் முறை எப்படித் தொழிலைக் கொன்றது என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். கடைசியில், "சரிங்க" என்றாள். அத்தோடு விட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

இதில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். வண்டி ஓடின காலத்தில் இன்னாசி என்று ஒருவன் என் தடத்தில் ஷேர் ஆட்டோ விட்டான். எனக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவான். இதே ஆபீஸில் மனுக் கொடுத்தேன். ஆட்டோவைப் பிடித்து மூன்று மாதம் வைத்திருந்தார்கள். அப்புறம் அவன் கேரளாவுக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டான். அது வேறு விஷயம். அவனிடம் பெர்மிட் இல்லை. என்னிடம் இருந்தது. பெர்மிட் என்பது என் சொத்து. சொத்து என்ற ஒன்று பத்திரமாக இல்லாவிட்டால் சந்தை என்பதே கிடையாது. இவளும் அன்றைக்கு ஒன்று கேட்டாள், "அவன் முன்னாடி வந்தா நாம அதுக்கும் முன்னாடி வரலாம்ல"ன்னு. வியாபாரம் புரியாதவள்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? வேண்டாமா. கேன் அவள் பக்கத்தில் இருக்கிறது, அதனாலா? போய்ப் பிடிக்கலாம், பேசுவாள். நன்றாகவே பேசுவாள்.

அப்புறம்தான் புது மினிபஸ் திட்டம் அறிவித்தார்கள். வழித்தடங்களைத் திறந்துவிடுகிறோம், யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று. பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு மாதிரி இருந்தது. என்ன மாதிரி என்று சொல்லத் தெரியவில்லை. பரவாயில்லை, நம்முடைய கடிதத்தை யாரோ படித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கத்தரித்து எடுத்துப்போய் இவளிடம் வாசித்துக் காட்டினேன். பார், கடைசியில் அரசாங்கத்துக்கே புரிந்துவிட்டது, கதவைத் திறந்துவிட்டார்கள், இனி திறமை இருக்கிறவன் ஓட்டுவான், பெர்மிட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறவன் கீழே விழுவான் என்றேன்.

"யார் வேணும்னாலும்னா, நானுமா?"

"யார் வேணும்னாலும்."

"எட்டாப்பு படிச்சவளும்?"

"வண்டிக்குப் படிப்பு எதுக்கு? பணம் போட ஆளும் ஓட்ட ஆளும் இருந்தாப் போதும்."

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். எந்தப் படிவம், என்ன இணைக்க வேண்டும், தடத்தின் வரைபடம் எப்படிப் போடவேண்டும், எல்லாம் கேட்டாள். ஒரு டிக்கெட் கட்டு முழுக்க எழுதிக்கொண்டாள். கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் நான் பேசி அவள் அவ்வளவு நேரம் கவனமாகக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று நினைக்கிறேன். கோடவுனுக்கு அரைமணி தாமதமாகப் போனேன், பதினாலு வருஷத்தில் வண்டியைக்கூட அப்படித் தாமதமாக எடுத்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து ரிஜிஸ்டர் தபால். போஸ்ட்மேன் இரண்டு கவர் வைத்திருந்தார். ஒன்று விண்ணப்பதாரருக்கு, இன்னொன்று ஆட்சேபணைதாரருக்கு.

"என்ன அருளானந்து அண்ணே, ரெண்டுக்கும் ஒரே கதவு நம்பரு. எந்தக் கையில எதைக் குடுக்க?"

இரண்டு கைகளையும் நீட்டினேன். இவளும் மில்லில் ஆறு பெண்களும் சேர்ந்து குழுவாகப் பணம் போட்டு, வங்கியில் கடன் வாங்கி, இவள் பெயரில் விண்ணப்பம். முதல் நடை காலை ஐந்து இருபது. அவள் கவரை அடுப்படியில் வைத்தேன். என் கவரை எடுத்துக்கொண்டு கோடவுனுக்குப் போனேன். அவள் சொல்லவில்லையே என்று எனக்கு ஒன்றும் இல்லை. தொழில் ரகசியம் தொழில் ரகசியம்தான். நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பதினோரு பக்கமும் கோடவுனில் வைத்து எழுதினேன். ஒன்பது நாள். சும்மா எனக்கு நஷ்டம் வரும், நான் ஏழை, பிள்ளைகுட்டிக்காரன் என்று அழுது எழுதவில்லை. அப்படி எல்லாரும் எழுதுவார்கள். நான் கொள்கையில் நின்று எழுதினேன். இலவசம் எப்படிச் சந்தையைக் குலைத்தது, அரசு பஸ் எப்படிப் போட்டியே இல்லாமல் சாலையை எடுத்துக்கொண்டது, போட்டி என்றால் என்ன, எல்லாம். இப்படி ஒரு மனு இந்த ஆபீஸுக்கு வந்திருக்காது. அதிகாரி படித்திருந்தால்...

கூப்பிடுகிறார்கள். என் பெயர்தான். அவளும் எழுந்துவிட்டாள். இருங்கள், வந்துவிடுகிறேன். இடத்தை யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்று சொல்லுங்கள்.

இன்னும் உங்களைக் கூப்பிடவில்லையா? சரி. நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

முடிந்தது. இருபது நிமிஷம்தான் ஆகியிருக்கும். அதிகாரி இளைஞர், கண்ணாடி போட்டவர். மனுவைப் படித்திருந்தார். நான் நினைத்த மாதிரியே முழுக்கப் படித்திருந்தார். பென்சிலால் கோடு வேறு போட்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரே முகவரி. உறவா?"

நான் வாய் திறப்பதற்குள் இவள், "வீட்டுக்காரருங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், பேனாவை மூடி வைத்தார். "வீட்டுலயே பேசி முடிச்சிருக்கலாமே, ஐயா."

"வீடு வேற, வழித்தடம் வேறங்க," என்றேன்.

"சரி. உங்க மனு ரொம்ப நல்லா இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன். நாலாம் பக்கத்துல ஒண்ணு வாசிக்கிறேன்." வாசித்தார். ஒரு சாலையில் ஒருவர் மட்டுமே வண்டி ஓட்டலாம் என்று சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. என் வாக்கியம். இன்னொருவர் வாயில் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"அப்ப இந்தம்மா ஓட்டலாம்னுதானே சொல்றீங்க?"

"அதை அரசு பஸ்ஸைப் பத்தி எழுதினேன் சார்."

"எந்த பஸ்ஸுன்னு போடலையே. ஒருவர்னுதான் இருக்கு." ஏழாம் பக்கத்துக்குப் போனார். ஓடாத வண்டியின் உரிமத்தைப் பாதுகாப்பது பயணிக்குச் செய்யும் துரோகம். "உங்க வண்டி ஓடுதா?"

"இல்லைங்க."

"எத்தனை மாசமா?"

சொன்னேன்.

ஒன்பதாம் பக்கத்தையும் வாசித்தார். தேவை எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது, தெருவில் நிற்பவனுக்குத்தான் தெரியும். அதை வாசித்துவிட்டு இவளிடம், "அஞ்சு இருபதுக்கு எத்தனை பேருமா நிப்பாங்க?" என்றார். "முப்பத்தெட்டு பேருங்க, ஞாயித்துக்கிழமை இருபத்தொண்ணு," என்றாள். நான் கேட்டதே இல்லை அந்தக் கேள்வியை. அவள் ஊர் ஊராகச் சொன்னாள், எந்த விலக்கில் எத்தனை பேர், மழை பெய்தால் எத்தனை பேர்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, உங்களுக்கு நஷ்டம்னு ஒரு வரி எழுதியிருந்தீங்கன்னா நான் அதை எடுத்துப் பேசியிருப்பேன். பதினோரு பக்கத்துல அது எங்கயும் இல்லை. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. இந்த மனுவை வாபஸ் வாங்கிட்டு, புதுசா ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, பதினஞ்சு நாள் டைம் தர்றேன். இல்லைன்னா இப்பவே ஒரே வார்த்தை. ஆட்சேபணை உண்டா, இல்லையா?"

என்னிடம் பேனா இருந்தது. பேப்பரும் கொடுத்திருப்பார். பிழைப்பு போகிறது என்று நாலு வரி, அவ்வளவுதான் தேவை. இவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையில் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது, காகிதம் பறக்காமல் வைப்பது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உண்டு என்று சொல்லலாம் என்றுதான் போனேன். ஆனால் அப்படிச் சொன்னால் அந்தப் பதினோரு பக்கமும் பொய் என்று ஆகிவிடும். வண்டி போனது போய்விட்டது. அதையும் பொய் என்று ஆக்கிவிட்டு எதை வைத்துக்கொண்டு கோடவுனில் உட்கார்ந்திருப்பது?

"இல்லைங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபிறகு இவள் அந்தக் கேனில் தண்ணீர் பிடித்து எனக்குக் கொடுத்தாள். அப்புறம் தனக்குப் பிடித்தாள். வாழ்த்துச் சொல்லவேண்டும், அதுதான் முறை. தொழிலில் தோற்றவன் கை கொடுப்பான். மனைவிக்கு எப்படிக் கை கொடுப்பது என்று தெரியவில்லை. அதனால் தொழில் பேச்சாகவே கேட்டேன், டிரைவர் யார் என்று.

"ஸ்டெல்லா. மில்லுல லோடு வேன் ஓட்டுதுல்ல, அந்தப் பொண்ணு."

"பஸ் ஓட்டுற பேட்ஜ் இருக்கா?"

"எடுத்துருச்சு."

"எங்கிட்டயும் இருக்கு," என்றேன். "பதினாலு வருஷம் அதே ரோடு. எந்த வளைவுல எத்தனை பள்ளம்னு எனக்குத் தெரியும்."

அவள் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம், "நான் கேட்டேங்க அவளுககிட்ட," என்றாள்.

"யாருகிட்ட?"

"குழுவுலதான். இவரைப் போடலாமான்னு. ஆறு பேரும் வேண்டாம்னுட்டாளுக. நீங்க நேரம்னா நேரம். ஓடியாறது தெரிஞ்சாலும் எடுத்துட்டுப் போயிருவீங்க. பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர்றவ இருக்கா, கிழவனுக்குக் கஞ்சி வெச்சுட்டு வர்றவ இருக்கா. அந்தப் பொண்ணு நிக்கும்."

"நின்னா டீசல் ஆகும்."

"ஆகட்டும்."

"நீ என்ன சொன்ன?"

"எதுக்கு?"

"குழுவுல. உன் ஓட்டு."

ஒயர் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இன்னைக்கு மட்டும் ரெண்டு மணி ஷிஃப்டுக்கு மாத்திக் கேட்டிருக்கேன், பஸ்ஸு இப்ப இருக்கு, நான் போறேங்க. நீங்க வெயில் தாழ வாங்க," என்றாள். போய்விட்டாள். கேட்டுக்கு வெளியே இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள், குழுவில் இருப்பவர்கள்தான். இவள் ஏதோ சொல்ல, ஒருத்தி இவளைக் கட்டிக்கொண்டாள்.

நிற்கிறதாம், அந்தப் பொண்ணு. நீங்களே சொல்லுங்கள், முப்பத்தெட்டுப் பேரை வண்டிக்குள் வைத்துக்கொண்டு ஒருத்திக்காக நிற்பது ஒரு காரணமா? உலகத்தில் யாராவது அதற்காக ஒரு ஆளை வேலைக்கு வைப்பார்களா? புருஷனிடம் நேராகச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு இப்படி ஏதாவது சொல்வது. எனக்குத் தெரியும், விஷயம் சம்பளம்தான். புதிதாக பேட்ஜ் எடுத்த பெண், அனுபவம் கிடையாது, குறைத்துக் கேட்டிருப்பாள். அதில் தப்பே இல்லை. குறைவாக வருகிறவளை வைப்பதுதான் தொழில். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எவ்வளவுக்கு வருகிறாள் என்று மட்டும் கேட்டிருக்கலாம். அதற்கும் ஐந்நூறு குறைத்து நான் வந்திருப்பேன்.